ஒளிந்து விளையாடும் பழுது

பல்வலி தாங்க முடியாமல் மருத்துவரிடம் ஓடுகிறோம். அவர் முன்னால் போய் உட்கார்ந்ததும் வலி போன இடம் தெரிவதில்லை. "எந்தப் பல்?" என்று அவர் கேட்டால் விழிக்கிறோம். வீட்டு மின்விசிறியும் இப்படித்தான். இரவெல்லாம் கடகடவென்று சத்தம் போடும்; பழுது பார்ப்பவர் வந்து சுவிட்சைப் போட்டதும் பரம சாதுவாகச் சுற்றும்.

எப்போதும் இருக்கும் பழுதைக் கண்டுபிடிப்பது எளிது. அது ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கும். நாம் ஒவ்வொரு பாகமாகச் சோதித்துக்கொண்டே போனால் அகப்பட்டுவிடும். வந்து வந்து போகும் பழுது அப்படியன்று. நாம் தேடும்போது அது இருக்காது; அது இருக்கும்போது நாம் தேடும் நிலையில் இருக்கமாட்டோம். இத்தகைய பழுதைப் பிடிக்கக் கருவிகள் மட்டும் போதா. ஒழுங்காகச் சிந்திக்கவும் வேண்டும். எப்படிச் சிந்திப்பது என்பதை ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வைத்துப் பார்ப்போம். மாணவர்களே, துப்பறியும் வேலை உங்களுடையது!

இதோ உங்கள் கார்

இங்கிலாந்தில் ஆபிங்டன் என்ற ஊரில் எம்.ஜி. கார்த் தொழிற்சாலை இருந்தது. அங்கே 1962 முதல் 1980 வரை எம்.ஜி.பி. என்ற ஸ்போர்ட்ஸ் கார் செய்யப்பட்டது. தாழ்வான உடல், திறந்து மூடும் கூரை, இரண்டே இருக்கைகள். நான்கு சிலிண்டர்களும் 1798 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் கொண்ட எஞ்சின். 5 இலட்சத்திற்கும் மேற்பட்ட கார்கள் அங்கிருந்து வெளிவந்தன. அவற்றுள் பலவற்றை ஆர்வலர்கள் இன்றும் சீராட்டி ஓட்டி வருகிறார்கள்.

இந்த எஞ்சின் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 2014 வரை நம் நாட்டில் செய்யப்பட்ட அம்பாசிடர் காரில் நெடுங்காலம் இருந்த 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சினும் இதே 'பி வரிசை'க் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஒன்று ஓட்டப்பந்தய வீரனானது. மற்றொன்று குடும்பத்தையும் மூட்டை முடிச்சையும் சுமந்தது. அவ்வளவுதான் வேறுபாடு.

1970-இல் செய்யப்பட்ட ஓர் எம்.ஜி.பி. கார் உங்களிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் சொந்தக்காரர் சொல்லும் குறை இது: "நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று எஞ்சின் நின்றுவிடும். ஓரங்கட்டிப் பத்து நிமிடம் காத்திருப்பேன். பிறகு சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பிவிடும்."

இது வெறும் தொல்லை மட்டுமன்று, ஆபத்தும்கூட. ஒரு லாரியை முந்திக்கொண்டிருக்கும்போது எஞ்சின் நின்றால் என்ன ஆகும்? சில கார்களில் பிரேக்கை மிதிக்க உதவும் அமைப்பு, எஞ்சின் உண்டாக்கும் வெற்றிடத்தால் இயங்குகிறது. எஞ்சின் நின்றபின் இரண்டொரு முறை பிரேக்கை மிதித்தால் அந்த உதவி தீர்ந்துவிடும். அதற்குமேல் பலங்கொண்ட மட்டும் மிதிக்க வேண்டும். பிரிட்டனில் 40 ஆண்டுகளைக் கடந்த பழைய கார்களுள் பெரும்பாலானவற்றுக்கு ஆண்டுதோறும் நடக்கும் கட்டாயச் சோதனையிலிருந்து 2018 முதல் விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. ஆகவே, காரைப் பத்திரமான நிலையில் வைத்திருக்கும் பொறுப்பு முழுவதும் சொந்தக்காரரின் தலையில்தான். "பத்து நிமிடம் நின்றால் சரியாகிவிடுகிறதே" என்று விட்டுவிட முடியாது.

எஞ்சினுக்கு என்ன வேண்டும்?

பெட்ரோல் எஞ்சின் ஓட மூன்று தேவைகள் உண்டு. சரியான அளவில் கலந்த காற்றும் பெட்ரோலும். அந்தக் கலவையைச் சிலிண்டருக்குள் பிஸ்டன் நன்றாக அழுத்துவது. சரியான நேரத்தில் ஒரு தீப்பொறி.

இவற்றுள் அழுத்தத்தை முதலிலேயே சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். தேய்ந்த பிஸ்டன் வளையமும் எரிந்த வால்வும் பத்து நிமிட ஓய்வில் தாமே சரியாகிவிடுவதில்லை. மிஞ்சுவன இரண்டு: பெட்ரோல், தீப்பொறி. ஒரே ஒரு வினாவால் காரின் பெரும்பகுதியைச் சந்தேகத்திலிருந்து விடுவித்துவிட்டோம், பார்த்தீர்களா? நல்ல துப்பறிவாளர் செய்யும் முதல் வேலை இதுதான். ஒவ்வொரு பாகமாகக் கழற்றுவதில்லை. சந்தேகத்தைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போகிறார்.

பெட்ரோலின் பாதை

இந்தக் காரின் பெட்ரோல் தொட்டி பின்புறம் இருக்கிறது. அங்கிருந்து ஒரு மின்பம்ப், பெட்ரோலை இழுத்து முன்னால் தள்ளுகிறது. சாவியைத் திருப்பியதும் இந்தப் பம்ப் 'டக் டக் டக்' என்று ஒலிக்கும். கார்புரேட்டரை ஒட்டிய சிறு கிண்ணங்கள் நிறைந்ததும் ஒலி அடங்கும். ஒலியே இல்லாவிட்டால் பம்புக்கு மின்சாரம் வரவில்லை, அல்லது அதற்குள் இருக்கும் மின்தொடுமுனை கெட்டிருக்கிறது. ஒலி அடங்காமல் வேகமாக அடித்துக்கொண்டே இருந்தால் தொட்டி காலி, அல்லது குழாயில் எங்கோ காற்று புகுகிறது. காதே இங்கு ஒரு சோதனைக் கருவி!

வந்து வந்து போகும் பழுதுகள் இந்தப் பாதையில் பல உண்டு.

முதலாவது, தொட்டியின் மூடி. எண்ணெய் டின்னில் ஒரே ஒரு துளை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் விக்கி விக்கி வந்து நின்றுவிடும். எதிர்ப்பக்கம் இன்னொரு துளை போட்டால் சீராகக் கொட்டும். வெளியேறும் எண்ணெயின் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போக வேண்டும் என்பதே காரணம். பெட்ரோல் தொட்டிக்கும் அப்படி ஒரு காற்றுவழி தேவை. அது அடைபட்டால் தொட்டிக்குள் அழுத்தம் குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் பம்ப் தோற்றுவிடும். காரை நிறுத்திவிட்டுச் சற்றுக் காத்திருந்தால் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போகும். கார் மறுபடி கிளம்பும்.

இரண்டாவது, தொட்டியில் படிந்த துரு. கார் ஓடும்போது துருத்தூள் கலங்கி, பெட்ரோல் எடுக்கும் குழாயின் வாயை அடைக்கும். கார் நின்றதும் தூள் அடியில் படிந்துவிடும், வாய் திறந்துவிடும்.

மூன்றாவது, வெப்பம். பெட்ரோல் என்பது பல நீர்மங்களின் கலவை. அவற்றுள் எளிதில் ஆவியாகும் பகுதிகள் 40 டிகிரி செல்சியசுக்கு அருகிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். இந்த எஞ்சினில் சூடான புகைபோக்கிக் குழாய்களுக்கு மேலேயே கார்புரேட்டர்கள் உட்கார்ந்திருக்கின்றன. அங்கே பெட்ரோல் கொதித்து ஆவியானால் எஞ்சின் தடுமாறும்.

நான்காவது, பழைய ரப்பர்க் குழாய். பிரிட்டனில் 2021 முதல் சாதாரணப் பெட்ரோலில் 10 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. அதற்கென்று செய்யப்படாத பழைய ரப்பரை எத்தனால் கெடுக்கக்கூடும். குழாய் வெளியே நன்றாகத் தோன்றும்; உட்புறம் உரிந்து கதவுபோல் வழியை மறைக்கும்.

இந்த நான்கு பழுதுகளுக்கும் பொதுவான அடையாளங்கள் இரண்டு. பெட்ரோல் வருவது நின்றாலும் கிண்ணங்களில் மீதமுள்ளதைக் குடித்து எஞ்சின் சற்றுத் தூரம் ஓடும். பிறகு இருமும், குலுங்கும், இழுக்கத் திணறும், கடைசியில் நிற்கும். அடுத்து, மேட்டில் முழு மூச்சோடு ஏறும்போதுதான் எஞ்சின் அதிகப் பெட்ரோல் கேட்கும். ஆகவே பற்றாக்குறை அங்கேதான் முதலில் தலைகாட்டும். கொதித்து ஆவியாகும் பழுதோ சூடான காரை நிறுத்தி எடுக்கும்போதும் வரக்கூடும். இவற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தீப்பொறியின் பாதை

காந்தப்புலம் மாறும்போது அருகிலுள்ள கம்பிச் சுருளில் மின்னழுத்தம் தோன்றும் என்று 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்தார். இதைக் கொண்டு கார்களுக்கு ஏற்ற ஒரு தீப்பொறி அமைப்பை அமெரிக்கப் பொறியாளர் சார்ல்ஸ் கெட்டரிங் உருவாக்கினார். அது 1910 வாக்கில் காடிலாக் கார்களில் இடம்பெற்றது. நம் எம்.ஜி.பி. காரில் இருப்பதும் அதே அமைப்புதான்.

காயில் என்ற உருளைக்குள் இரண்டு சுருள்கள் உள்ளன. ஒன்றில் தடித்த கம்பி, சில நூறு சுற்றுகள். மற்றொன்றில் மெல்லிய கம்பி, பல ஆயிரம் சுற்றுகள். தடித்த சுருளின் வழியே பேட்டரியின் 12 வோல்ட் மின்னோட்டம் பாய்ந்து காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அந்த மின்னோட்டத்தைச் சட்டென்று துண்டித்தால் காந்தப்புலம் சரிகிறது. மெல்லிய சுருளில் பல ஆயிரம் வோல்ட் எழுகிறது. அதுவே பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறியாகிறது.

துண்டிக்கும் வேலையைச் செய்வது பாயிண்ட். டிஸ்ட்ரிபியூட்டர் என்ற கிண்ணத்துக்குள் ஒரு தட்டின்மேல் இது பொருத்தப்பட்டிருக்கிறது. திறக்கும்போது இதன் இடைவெளி 0.4 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. பாயிண்ட் திறக்கும்போது அங்கே மின்சாரம் தாவி எரிக்காமல் காப்பது கண்டன்சர்.

இனி ஒரு சிறு கணக்கு. எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றுகள் சுற்றுகிறது. இந்தக் கார் மேல் கியரில் மணிக்குச் சுமார் 85 கிலோமீட்டர் வேகத்தில் போகும் நிலை அது. நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு பொறிகள் வேண்டும். எனவே நிமிடத்துக்கு 6000, நொடிக்கு 100. மின்னோட்டம் எங்காவது ஒரு நொடி அறுந்தாலும் நூறு பொறிகள் போய்விடும். பெட்ரோல் பழுதில் வருகிற இருமலும் திணறலும் இங்கு இருக்கமாட்டா. விளக்கை அணைத்ததுபோல் எஞ்சின் சட்டென்று நிற்கும்.

நோட்டுப்புத்தகம் சொன்னது

இப்போது வேலையைத் தொடங்குவோம். முதலில் வேண்டியது திருப்புளியன்று, ஒரு நோட்டுப்புத்தகம். ஒவ்வொரு பயணத்திலும் கார் நின்றதா, எவ்வளவு நேரம் ஓடியபின் நின்றது, சாலை மேடா சமமா, கால் பெடலை எவ்வளவு மிதித்திருந்தது, தொட்டியில் எவ்வளவு பெட்ரோல், வெயிலா மழையா என்று எழுதச் சொல்லுங்கள்.

பன்னிரண்டு பயணங்களின் குறிப்பு இப்படி வந்திருக்கிறது என்போம். நான்கு பயணங்களில் கார் நின்றது. நான்கு முறையும் புறப்பட்டு 20 நிமிடம் ஆனபின். நான்கு முறையும் சட்டென்று. நான்கு முறையும் சமமான சாலையில், சீரான வேகத்தில். மேட்டில் ஏறும்போது ஒரு முறைகூட இல்லை. ஊருக்குள் ஓட்டும்போது நின்றதில்லை; எப்போதாவது ஒரு சிறு குலுக்கல் மட்டும். பெட்ரோலின் அளவுக்கும் இதற்கும் தொடர்பு தெரியவில்லை.

20 நிமிடம் ஓடியபின், எஞ்சின் நன்கு சூடானபின் நிற்கிறது; பத்து நிமிடம் ஆறியபின் கிளம்புகிறது. "காரணம் வெப்பம்தான்!" என்று சொல்லத் தோன்றுகிறது அல்லவா? சொந்தக்காரருக்கும் அப்படித்தான் தோன்றியது. காயிலுக்குள் கம்பி எங்கோ விரிசல் கண்டிருக்கும். சூட்டில் விரிந்து விலகும், ஆறினால் ஒட்டும். இது நடக்கக்கூடிய பழுதுதான். அவர் புதிய காயில் வாங்கி மாட்டினார். அடுத்த மூன்று பயணங்களில் கார் நிற்கவேயில்லை. "தீர்ந்தது சிக்கல்" என்றார். நான்காவது பயணத்தில் கார் நின்றது.

மறைந்ததும் தீர்ந்ததும் ஒன்றா?

இங்கே சற்று நின்று கணக்குப் போடுவோம். முன்பு 12 பயணங்களில் 4 முறை கார் நின்றது. அதாவது மூன்றில் ஒன்று. ஒவ்வொரு பயணத்திலும் நிற்காமல் தப்பிக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. காயிலை மாற்றாமலே விட்டிருந்தாலும் மூன்று பயணங்கள் தொடர்ந்து நிற்காமல் போகும் வாய்ப்பு எவ்வளவு?

மூன்றில் இரண்டை மூன்று முறை பெருக்குங்கள். 27-இல் 8 வரும். அதாவது ஏறக்குறைய 30 விழுக்காடு. ஒன்றுமே செய்யாதிருந்தாலும் பத்தில் மூன்று முறை இந்த 'வெற்றி' கிடைத்திருக்கும்! மூன்று நல்ல பயணங்கள் காயிலுக்கு எதிரான சாட்சியே அல்ல.

வந்து போகும் பழுதின் பெரிய ஏமாற்று இதுதான். எதைச் செய்தாலும் சில நாள்களுக்குப் பலன் அளித்ததுபோல் தோன்றும். நாம் கடைசியாக மாற்றிய பாகத்துக்குப் பெயர் கிடைக்கும். தானே வந்து தானே போகும் தலைவலிக்குக் கடைசியாகக் குடித்த கஷாயம் பெயர் வாங்குவதும் இப்படித்தான்.

சூடா, சாலையா?

வெப்பம் என்ற முடிவையே மறுபடி சோதிப்போம். சொந்தக்காரரின் வீடு ஊரின் நடுவில் இருக்கிறது. நெரிசலில் ஊர்ந்து, ஊரைத் தாண்டித் திறந்த சாலையை அடைய அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? 20 நிமிடம்! எஞ்சின் சூடாவதும் திறந்த சாலை தொடங்குவதும் ஒரே நேரத்தில் நிகழ்கின்றன. குற்றவாளி சூடா, சாலையா? இரண்டும் கைகோத்து வரும்வரை நோட்டுப்புத்தகம் பதில் சொல்லாது. இரண்டையும் பிரிக்க வேண்டும்.

பிரிப்பது எளிது. காரைத் திறந்த வெளியில் நிறுத்தி ஒரு மணி நேரம் எஞ்சினை ஓடவிடுங்கள். மூடிய அறையில் ஒருபோதும் இதைச் செய்யக்கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும். நிற்கும் காரில் எதிர்காற்று இல்லை; எஞ்சின் அறையில் சூடு சேர்ந்துகொண்டே போகும். வெப்பம்தான் காரணம் என்றால் எஞ்சின் இங்கும் நிற்க வேண்டும். நம் கார் நிற்கவில்லை. ஒரு மணி நேரமும் ஓடியது.

பத்து நிமிடக் காத்திருப்பையும் விசாரிப்போம். காத்திருந்ததால் கார் கிளம்பியதா, காத்திருக்காமலே கிளம்பியிருக்குமா? சொந்தக்காரர் ஒரு முறைகூட உடனே முயன்று பார்த்ததில்லை. அடுத்த முறை கார் நின்றபோது ஓரங்கட்டியதும் சாவியைத் திருப்பினார். உடனே கிளம்பிவிட்டது! வெப்பம் இவ்வாறு கைகழுவப்பட்டது.

முள்ளும் விளக்கும்

மிஞ்சியவற்றைப் பாதியாக்க இரண்டு சாட்சிகளை நியமிப்போம்.

முதல் சாட்சி காரிலேயே இருக்கிறது. எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் சுழற்சிமானி அது. இந்தக் காரில் உள்ள மானி, காயிலுக்குப் போகும் மின்துடிப்புகளைக் கொண்டு முள்ளை நகர்த்துகிறது. பெட்ரோல் தீர்ந்து எஞ்சின் சக்தி இழந்தாலும், கார் கியரில் உருளும்வரை சக்கரங்கள் எஞ்சினைச் சுற்றிக்கொண்டிருக்கும்; பாயிண்ட் திறந்து மூடும்; முள் வேகத்தோடு சேர்ந்து மெல்ல இறங்கும். மின்துடிப்பே நின்றுபோனால் எஞ்சின் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்போதே முள் சட்டென்று பூஜ்யத்தில் விழும்.

இரண்டாவது சாட்சி ஒரு சிறிய 12 வோல்ட் விளக்கு. காயிலுக்கு மின்சாரம் வந்து சேரும் முனையிலிருந்து ஒரு கம்பியை இழுத்து, விளக்கை ஓட்டுநர் அருகே வைக்கிறோம். காயில் வரை மின்சாரம் வரும்போதெல்லாம் விளக்கு எரியும்.

ஓட்டுபவர் சாலையைப் பார்க்க, பக்கத்து இருக்கையில் இருப்பவர் முள்ளையும் விளக்கையும் மட்டும் பார்த்துக்கொண்டு போகிறார். கார் நிற்கிறது. முள் சட்டென்று பூஜ்யம். விளக்கோ எரிந்துகொண்டே இருக்கிறது.

இந்த ஒரு நொடியில் எவ்வளவு தெரிந்துவிட்டது, பாருங்கள்! தொட்டி, பம்ப், குழாய், கார்புரேட்டர் எல்லாம் குற்றமற்றவை. பேட்டரி, சாவி, காயில் வரையிலான கம்பிகள் ஆகியவையும் விடுதலை. உயர்மின்னழுத்தக் கம்பிகளும் பிளக்குகளும் கெட்டிருந்தால் முள் விழுந்திருக்காது, அவையும் விடுதலை. காயிலிலிருந்து பாயிண்ட் வழியாக எஞ்சினின் உடலைச் சேரும் அந்தக் குறுகிய பாதையில்தான் பழுது இருக்கிறது. அங்கே கம்பி விலகியிருக்க வேண்டும். அல்லது கண்டன்சரோ கம்பியோ உடலில் பட்டு, பாயிண்ட் திறந்தும் மின்னோட்டம் அறாமல் போயிருக்க வேண்டும்.

சமசாலையின் இரகசியம்

ஆனால் ஏன் சமசாலையில் மட்டும்? ஏன் மேட்டில் இல்லை? விடை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கிறது.

பெடலை இலேசாக மிதித்துச் சீராகப் போகும்போது சிலிண்டருக்குள் போகும் கலவையின் அளவு குறைவு. அது மெதுவாக எரியும். எனவே பொறி சற்று முன்னதாகவே வர வேண்டும். இதற்கென்று டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்தில் ஒரு சவ்வுப் பெட்டி உண்டு. கார்புரேட்டரிலிருந்து வரும் மெல்லிய குழாய் வழியாக வெற்றிடம் அந்தச் சவ்வை இழுக்கும். சவ்வு, பாயிண்ட் பொருத்திய தட்டைச் சில டிகிரி திருப்பும். மெக்கானிக்குகள் இதை வாக்குவம் அட்வான்ஸ் என்பார்கள். மேட்டில் பெடலை முழுதும் மிதித்தால் வெற்றிடம் குறைந்து தட்டு பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். பெடலை விட்டு எஞ்சினைச் சும்மா ஓடவிட்டாலும் தட்டு திரும்பாது. ஒரு மணி நேரம் நின்றபடி ஓடியபோது பழுது வராததற்கு இதுவே காரணம்.

ஆக, தட்டு முழுதும் திரும்பி அப்படியே நிற்பது எப்போது? சமசாலையில் சீராகப் போகும்போது! ஊருக்குள் கால் பெடலில் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால் தட்டு அந்த நிலையில் தங்குவதில்லை, தொட்டுவிட்டு வந்துவிடும். அந்தச் சிறு குலுக்கலின் காரணமும் இப்போது விளங்குகிறது.

தட்டோடு சேர்ந்து அசையும் ஒரு கம்பி அங்கே உண்டு. சில சென்டிமீட்டர் நீளம். வெளியிலிருந்து வரும் மின்னோட்டத்தைப் பாயிண்டுக்குக் கொண்டு சேர்ப்பது. பல மெல்லிய இழைகளை முறுக்கி, மேலே உறை போட்டது. கைப்பேசிக்கு மின்னேற்றும் கம்பி நாளடைவில் உறைக்குள்ளேயே அறுந்து, ஒரு குறிப்பிட்ட கோணத்தில் வளைத்துப் பிடித்தால் மட்டும் வேலை செய்வதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான் இங்கும். ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தட்டோடு மடங்கி மடங்கி இழைகள் உள்ளே அறுந்துவிட்டன. தட்டு திரும்பினால் முனைகள் விலகும். எஞ்சின் நின்றால் வெற்றிடம் போய்விடும். தட்டு திரும்பி வரும். முனைகள் மறுபடி ஒட்டும். நாம் பானட்டைத் திறப்பதற்குள் பழுது தன்னைத் தானே மறைத்துக்கொள்கிறது!

பழுதைக் கூப்பிட்டு வரவழைத்தல்

இது இன்னும் ஊகம்தான். மெய்ப்பிக்க வேண்டும். எஞ்சினை அணைத்து, காயிலிலிருந்து வரும் கம்பியை டிஸ்ட்ரிபியூட்டரில் கழற்றிவிடுகிறோம். பாயிண்ட் நன்றாக மூடியிருக்கும் நிலையில் எஞ்சினைத் திருப்பி வைத்து, மின்தடையை அளக்கும் மீட்டரின் ஒரு முனையை டிஸ்ட்ரிபியூட்டரின் இணைப்பிலும் மறுமுனையை எஞ்சினின் உடலிலும் வைக்கிறோம். தடை ஏறக்குறைய பூஜ்யம். எல்லாம் சரி என்கிறது மீட்டர். வழக்கமான சோதனை இதோடு முடிந்து, "பழுது இல்லை" என்று எழுதிவிடும்.

நாம் அடுத்த அடி எடுத்து வைப்போம். சிறிய கைப்பம்பைச் சவ்வுப் பெட்டியில் மாட்டிக் காற்றை உறிஞ்சுகிறோம். தட்டு மெல்லத் திரும்புகிறது. கடைசி டிகிரியில் மீட்டரின் முள் துள்ளி முடிவிலிக்குப் போகிறது. காற்றை விட்டால் பூஜ்யம், உறிஞ்சினால் முடிவிலி. பத்து முறை செய்தாலும் பத்து முறையும் அப்படியே.

இப்போதுதான் பழுதைக் கண்டுபிடித்தோம் என்று சொல்லலாம். வந்து போகும் பழுதை நாம் விரும்பும்போது வரவழைக்கவும் விரும்பும்போது போக்கவும் முடிய வேண்டும். அதுவரை நம் கையில் இருப்பது ஊகமே.

அந்தச் சிறு கம்பியை மாற்றியபின் எத்தனை பயணங்களுக்குப் பிறகு நம்பலாம்? முன்போலவே பெருக்கிப் பாருங்கள். பழுது இன்னும் இருந்தும் எட்டுப் பயணங்கள் நிற்காமல் போகும் வாய்ப்பு 4 விழுக்காட்டுக்கும் குறைவு. பன்னிரண்டு பயணங்கள் என்றால் 1 விழுக்காட்டுக்கும் குறைவு. பன்னிரண்டு பயணங்களின் குறிப்போடு விசாரணையைத் தொடங்கினோம். பன்னிரண்டு நல்ல பயணங்களோடு அதை மூடுவது பொருத்தம்தானே!

இன்றைய கார்களில் பாயிண்டும் இல்லை, கண்டன்சரும் இல்லை. உணரிகளும் கணிப்பொறியும் அவற்றின் இடத்தைப் பிடித்துவிட்டன. பழுது தோன்றிய கணத்தில் எஞ்சினின் வேகம் எவ்வளவு, வெப்பநிலை எவ்வளவு, சுமை எவ்வளவு என்பதைக் கணிப்பொறி பதிவு செய்துகொள்கிறது. அது வேறொன்றுமில்லை, நாம் எழுதிய அதே நோட்டுப்புத்தகம்தான். ஆனால், சேர்ந்து வரும் இரண்டு காரணங்களைப் பிரித்துப் பார்க்கும் வேலை இன்றும் மனிதருடையது.

காரின் உயர்மின்னழுத்தப் பகுதிகளும் பெட்ரோலும் ஆபத்தானவை. பெரியவர் துணையின்றி அவற்றைத் தொடாதீர்கள். இந்த முறையைப் பழக அவை தேவையும் இல்லை. உங்கள் வீட்டில் விட்டுவிட்டு எரியும் கைவிளக்கு ஒன்று இருக்கும். சில நாள் ஓடிச் சில நாள் நிற்கும் சுவர்க் கடிகாரம் இருக்கும். ஒரு தாளை எடுத்து, அது எப்போது நிற்கிறது, அப்போது வேறு என்னென்ன நடக்கின்றன என்று ஒரு வாரம் எழுதி வாருங்கள். சேர்ந்தே வரும் இரண்டு செய்திகள் தென்பட்டால் அவற்றைப் பிரிக்க ஒரு சோதனை அமையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அது சரியாகிவிட்டதுபோல் தோன்றும் நாளில் தாளைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். இன்னும் சில நாள் எழுதுங்கள்.